நான்காம் பக்கத்தில் ஃபெரிட்டின், பதினோராம் பக்கத்தில் சிஆர்பி: ஒரு பிசிஓஎஸ் இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு பற்றி

வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்துச் சென்று, மறுநாள் மாலைக்குள் செயலியில் அறிக்கையை அனுப்பிவைக்கும் ஆய்வகம் ஒன்று, பிசிஓஎஸ் (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) உள்ள பெண்களுக்கென்றே ஒரு பரிசோதனைத் தொகுப்பை நடத்துகிறது. ஹார்மோன்கள், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகிய வழக்கமானவற்றோடு இரும்புச்சத்துக்கான முழுப் பரிசோதனையையும், உடலில் உள்ள அழற்சியைக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி என்ற பரிசோதனையையும் சேர்த்திருப்பதுதான் இதன் சிறப்பு என்று அவர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அந்த இரண்டுக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கு இரண்டு முறை, என் தங்கைக்கு இரண்டு முறை என நான்கு அறிக்கைகள் இப்போது கையில் இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் பிசிஓஎஸ் உண்டு. ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்தத் தொகுப்பின் பரிசோதனைகள் நல்லவை, அளவுகள் நம்பத்தக்கவை. ஆனால் அந்த அளவுகளை வாசகர் முன் வைக்கும் விதத்தில், எங்கள் இருவருக்குமே, அதுவும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான திசைகளில், தவறான முடிவையே அறிக்கை கொடுத்தது. எனக்கு இரும்பு போதவில்லை, போதும் என்றது. தங்கைக்கு இரும்பு மிகுந்துவிடவில்லை. மிகுந்துவிட்டது என்று பயமுறுத்தியது. இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே: இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினை அழற்சியோடு சேர்த்துப் படிக்காமல் தனித்துப் படித்தது.

குறை சொல்வதற்கு முன் நிறைவானதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரத்தம் எடுக்க வந்த இளம்பெண், பையைத் திறப்பதற்கு முன்பே, "அக்கா, இரும்பு மாத்திரை ஏதாவது போடுறீங்களா? நேத்து இன்னைக்குள்ள போட்டிருந்தா சொல்லுங்க, நாளைக்கு வர்றேன்" என்றார். செயலியில் வந்த முன்னறிவிப்பில் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமல் இருங்கள் என்று மட்டுமே இருந்தது. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு தற்காலிகமாக ஏறிவிடும் என்பதால் அந்தக் கேள்வி மிக முக்கியமானது. கைப்பட்டையை இறுக்கிக் கட்டி நெடுநேரம் விடாமல், இரத்தம் வரத் தொடங்கியதுமே தளர்த்தினார். முதலில் மஞ்சள் மூடிக் குழாய், அடுத்து ஊதா மூடி, கடைசியில் சாம்பல் மூடி என்ற வரிசை மாறவில்லை. ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல், கவிழ்த்து நிமிர்த்திக் கவிழ்த்து நிமிர்த்தி எட்டு முறை எண்ணினார். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து சில அளவுகள் கெட்டுப்போகும் என்பது அவருக்கு மனப்பாடப் பாடமாக இல்லாமல் கைப்பழக்கமாகவே இருந்தது. குழாய்களில் என் பெயர் ஒட்டப்பட்டதை என் கண்ணெதிரே, என்னையே வாசித்துப் பார்க்கச் சொல்லி, முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். இந்தச் சேவையில் எனக்குக் குறையே இல்லாத பகுதி இது.

அறிக்கை பதினான்கு பக்கம். நான்காம் பக்கத்தில் இரும்பு. சீரம் இரும்பு 38 மைக்ரோகிராம், டிஐபிசி (இரத்தம் சுமக்கக்கூடிய மொத்த இரும்பு) 346, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (அதில் உண்மையில் நிரம்பியுள்ள பங்கு) 11 சதவீதம், ஃபெரிட்டின் 62. முதலும் மூன்றாவதும் சிவப்பில், ஃபெரிட்டின் பச்சையில். அதன் கீழே, கணினி தானாக எழுதிய குறிப்பு: "உங்கள் இரும்புச் சேமிப்பு போதுமான அளவில் உள்ளது." ஏழு பக்கம் தாண்டி, பதினோராம் பக்கத்தில், இதய நலம் என்ற தலைப்பின் கீழ் ஹெச்எஸ்-சிஆர்பி 7.4 என்று சிவப்பில் இருந்தது. அதற்குக் கீழேயும் ஒரு குறிப்பு. அது முழுக்க மாரடைப்பு அபாயத்தைப் பற்றியது. ஃபெரிட்டினைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள உறவை விளக்காமல் மேலே செல்ல முடியாது. ஃபெரிட்டின் என்பது செல்களுக்குள் இரும்பைப் பூட்டி வைக்கும் புரதம். அதில் ஒரு சிறு பங்கு இரத்தத்தில் கசிந்து வருகிறது. அதை அளந்து, உள்ளே எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று ஊகிக்கிறோம். உடல் நலமாக இருக்கும்வரை இந்த ஊகம் நன்றாகவே பலிக்கும். ஆனால் ஃபெரிட்டினுக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ச்சல், தொற்று, உடல் பருமனோடு வரும் மெல்லிய அழற்சி என எது நேர்ந்தாலும், சிஆர்பியைப் போலவே அதுவும் இரத்தத்தில் ஏறும். அப்போது உயர்ந்திருப்பது இருப்பா, அழற்சியா என்பதை ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்காகவே இரண்டு வெவ்வேறு எல்லைகள் இருக்கின்றன. நலமாக உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு. அழற்சியோ தொற்றோ உள்ளவர்களுக்கு 70க்குக் கீழே இருந்தாலே குறைபாடு எனக் கொள்ளலாம். என்னுடைய 62, முதல் எல்லையின்படி தாராளம், இரண்டாவது எல்லையின்படி பற்றாக்குறை. எந்த எல்லை எனக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் எண் பதினோராம் பக்கத்தில் ஒளிந்திருந்தது.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இது ஏதோ அரிதாக நேரும் சிக்கல் அன்று. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, பிசிஓஎஸ் உள்ள பெண்களின் சிஆர்பி மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதாகக் கண்டது. எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வேறுபாடு முழுதாக மறையவில்லை. ஆகவே பிசிஓஎஸ் என்ற பெயரிலேயே விற்கப்படும் ஒரு தொகுப்பில் ஃபெரிட்டினை, அழற்சியே இல்லாத ஒருவருக்கான வரம்போடு ஒப்பிட்டுப் பச்சை வண்ணம் பூசுவதைச் சிறு கவனக்குறைவு என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

தொகுப்பில் மருத்துவர் ஒருவருடன் தொலைபேசி ஆலோசனையும் அடக்கம். அழைத்தவர் கனிவாகவே பேசினார். ஆனால் அவர் முன்னே இருந்ததும் அதே வண்ணங்கள்தான். ஹீமோகுளோபின் 11.6 என்பது சற்றுக் குறைவு, சத்தாகச் சாப்பிடுங்கள். ஃபெரிட்டின் நார்மல்தான், இரும்பு மாத்திரை வேண்டாம் என்றார். சாச்சுரேஷன் 11 சதவீதம்தானே இருக்கிறது என்று கேட்டேன். அது நாளுக்கு நாள் மாறும், ஃபெரிட்டினைத்தான் பார்க்க வேண்டும் என்றார். முதல் பாதி சரி. சீரம் இரும்பு காலையில் கூடியும் மாலையில் குறைந்தும் இருக்கும் இயல்புடையது, சாச்சுரேஷனும் அதோடு சேர்ந்தே அசையும். ஆனால் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், மாத்திரை எதுவும் போடாமல் கொடுத்த இரத்தத்தில் 11 சதவீதம் என்பது, 20க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டிய ஓர் அளவுக்கு, அலட்சியப்படுத்தக்கூடியது அன்று. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்க, வகிட்டில் முடி மெலிந்து, மாலை ஆறு மணிக்கே படுக்கையைத் தேடும் நிலையில் இருந்த எனக்கு அந்தப் பதில் சமாதானம் தரவில்லை.

அறிக்கையை அச்சிட்டு, எனக்கு வழக்கமாகச் சிகிச்சை தரும் மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கங்களைப் புரட்டி, நான்காவதையும் பதினோராவதையும் மட்டும் உருவி எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேனாவால் 62ஐ வட்டமிட்டு, அங்கிருந்து ஒரு கோட்டை இழுத்து அடுத்த தாளில் 7.4இல் கொண்டுபோய் முட்டவைத்தார். "இதைத் தனியாப் படிக்கக் கூடாதும்மா. இது ரெண்டும் ஒரே வாக்கியம்" என்றார். பிறகு, ஆய்வகப் படிவம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதோடு, வந்தால் எத்தனை நாள் நீடிக்கிறது? எனக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஆனால் வந்தால் பத்து, பன்னிரண்டு நாள் கட்டிகட்டியாகப் போகும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. குடல் வழியாக நாம் ஈட்டுவதோ ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பிசிஓஎஸ் என்றால் மாதவிடாய் குறைவு, ஆகவே இரும்பு இழப்பும் குறைவு என்று பொதுவாக எண்ணிவிடுகிறார்கள். முட்டை வெளிப்படாமலே மாதக்கணக்கில் தடித்த கருப்பை உள்வரி ஒரேயடியாகக் கழியும்போது நிலைமை அப்படி இருப்பதில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் எனக்குப் புதிது. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. செல்களிலிருந்து இரும்பு வெளியே வரும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அது அழித்துவிடும். குடல் உறிஞ்சிய இரும்பு குடல் சுவரிலேயே தங்கிவிடுகிறது, பழைய சிவப்பணுக்களிலிருந்து மீட்ட இரும்பு மண்ணீரல், கல்லீரல் செல்களுக்குள்ளேயே முடங்குகிறது. களஞ்சியத்தில் நெல் இருந்தும் அடுப்பு எரியாத நிலை. என்னிடம் களஞ்சியமும் குறைவு, கதவும் பாதி மூடியிருந்தது. இரும்பு மாத்திரையை நாள் தவறாமல் போடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னதற்கும் இதே ஹெப்சிடின்தான் காரணம்: ஒரு மாத்திரை போட்டால் அது ஏறி, மறுநாள் மாத்திரையின் உறிஞ்சலைக் குறைத்துவிடுகிறது.

இனி தங்கையின் அறிக்கை. அவளுக்கு இரத்தம் எடுத்தது மாலை ஐந்து மணிக்கு, வேறொருவர். இரும்புப் பரிசோதனை அடங்கிய தொகுப்புக்கு மாலை நேர முன்பதிவை அனுமதிப்பதே தவறு என்பேன். அவள் காய்ச்சலிலிருந்து எழுந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. செயலியும் கேட்கவில்லை, வந்தவரும் கேட்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஃபெரிட்டின் 260, ஹெச்எஸ்-சிஆர்பி 18. நான்காம் பக்கத்தில் சிவப்பு எழுத்தில், "உடலில் இரும்பு மிகுந்திருக்க வாய்ப்பு உண்டு, உறுப்புகள் பாதிக்கப்படலாம்." அன்றிரவு அவள் தூங்கவில்லை. சிஆர்பி 10ஐத் தாண்டினால் அது அண்மையில் வந்த தொற்று போன்ற ஒன்றைக் காட்டக்கூடும், இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் பழகிப்போன நடைமுறை. அந்த ஒரு வரியை அறிக்கையில் சேர்க்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

மூன்று வாரம் கழித்து, காலையில், மீண்டும் கொடுத்தோம். சிஆர்பி 4.6, ஃபெரிட்டின் 182, சாச்சுரேஷன் 31 சதவீதம். ஃபெரிட்டின் இன்னும் உயர்வுதான். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 150க்கு மேல் போனால் இரும்பு மிகுதி உண்டா என ஆராய வேண்டும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். ஆனால் உண்மையிலேயே இரும்பு தேங்கியிருந்தால் சாச்சுரேஷனும் 45 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ ஏறியிருப்பதே வழக்கம். 31 என்பது இயல்பு. அப்படியானால் அந்த 182 எதைச் சொல்கிறது? இங்கேதான் பிசிஓஎஸ்ஸின் இன்னொரு முகம் வருகிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2005இல், உடல் எடை கூடிய பிசிஓஎஸ் பெண்களிடம் ஃபெரிட்டின் உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். மாதவிடாய் குறைவதால்தான் இரும்பு சேர்கிறது என்ற எளிய விளக்கத்தை அவர்களே 2007இல் சோதித்தார்கள். மாதவிடாயை ஒழுங்காக்கிய மாத்திரையால் ஃபெரிட்டின் இறங்கவில்லை. இன்சுலின் எதிர்ப்பை, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மருந்தால் இறங்கியது. ஆக, அந்த உயர்வின் வேர் இன்சுலினில் இருக்கிறது. கூடவே, உயர்ந்த ஆண் ஹார்மோன் ஹெப்சிடினைத் தாழ்த்துவதால் குடலின் கதவு சற்று அகலத் திறக்கவும் கூடும். ஒரே நோயில் அழற்சி கதவைச் சாத்த, ஆண் ஹார்மோன் அதைத் திறக்க, எந்தப் பெண்ணிடம் எது மேலோங்கும் என்பதை அவளுடைய எல்லா எண்களையும் ஒன்றாக வைத்தால்தான் சொல்ல முடியும்.

தங்கை முடி கொட்டுகிறதே என்று யாரையும் கேட்காமல் இரும்பு கலந்த சத்து மாத்திரையை ஓராண்டாகப் போட்டு வந்தாள் என்பது அப்போதுதான் வெளிவந்தது. மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். தேவைக்கு மேற்பட்ட இரும்பு தானே அழற்சியைத் தூண்டும், இன்சுலினின் வேலைக்கும் இடையூறு செய்யும். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த அதே கை, அவளுக்கு அதை நிறுத்தியது. ஒரே வீட்டில், ஒரே நோய்ப்பெயரில், ஒரே தொகுப்பில்.

தொகுப்பிலுள்ள மற்றவற்றைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வைட்டமின் பி12ஐச் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. மெட்ஃபார்மின் நெடுநாள் போட்டால் பி12 குறையக்கூடும், அந்தக் குறைபாடு சிவப்பணுவைப் பெரிதாக்கும், இரும்புக் குறைபாடு சிறிதாக்கும், இரண்டும் சேர்ந்தால் சிவப்பணுவின் சராசரி அளவு ஒன்றுமே நடக்காததுபோல் காட்டிவிடும். பிசிஓஎஸ்ஸைக் கண்டறிவதற்கு இரும்பும் சிஆர்பியும் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் வகுக்கப்பட்ட ராட்டர்டாம் அளவுகோல் மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டையே கேட்கிறது. ஆகவே நோய் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறவருக்கு இந்தத் தொகுப்பு தேவைக்கு மேற்பட்டது. நோய் இருப்பது தெரிந்து, களைப்பும் முடி உதிர்வும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாமல் தவிப்பவருக்கே இது பயன்படும். வாங்குகிறவர் காலை நேரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். காய்ச்சல், சளி, பல்வலி எதுவும் ஆறி இரண்டு மூன்று வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இரும்பு மாத்திரை போடுகிறவராக இருந்தால் முந்தைய நாளே நிறுத்த வேண்டும். வண்ணங்களையும் தானியங்கிக் குறிப்புகளையும் பொருட்படுத்தாமல், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சாச்சுரேஷன், சிஆர்பி ஆகிய நான்கு எண்களை மட்டும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரைப் பார்க்கலாம். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் சொல்லியே நடக்கட்டும்.

நான்கு மாதம் கழித்து எனக்கு எடுத்த இரண்டாவது அறிக்கையில் ஹீமோகுளோபின் 12.8, சாச்சுரேஷன் 25 சதவீதம், சிஆர்பி 2.9. ஃபெரிட்டின் 66. முன்பு 62, இப்போது 66. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவர் நான்கு மாத மாத்திரையும் வீண் என்று சொல்லிவிடுவார். அழற்சி ஏற்றிவைத்திருந்த பங்கு வடிந்து, உண்மையான இரும்பு அந்த இடத்தில் வந்து நிரம்பியிருக்கிறது என்றார் மருத்துவர். மாடிப்படி அதற்கு முன்பே எனக்கு அதைச் சொல்லிவிட்டிருந்தது.

சிஆர்பியை நான்காம் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், அது உயர்ந்திருந்தால் ஃபெரிட்டினுக்குப் பச்சை வண்ணம் பூசாதீர்கள், முன்பதிவின்போதே காய்ச்சலையும் இரும்பு மாத்திரையையும் கேளுங்கள் என்று ஆய்வகத்துக்கு விரிவாக எழுதினேன். உரிய பிரிவுக்கு அனுப்பியிருப்பதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அதன்பின் வந்த அறிக்கையிலும் சிஆர்பி பதினோராம் பக்கத்திலேயே இருந்தது, பச்சையும் மாறவில்லை. அளவுகள் துல்லியமாக இருப்பதாலும், அந்த இளம்பெண்ணின் கையில் நம்பிக்கை இருப்பதாலும், தங்கைக்கு அடுத்த பரிசோதனையை இங்கேயே பதிவு செய்திருக்கிறேன். காலை ஏழு மணி, அவரே வர வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.